ஆமையின் காலடி மண்

நாம் வீட்டில் வளர்க்கும் உயிர்களில் ஆமை அளவுக்கு நிலத்தோடு ஒட்டி வாழ்வது வேறொன்றில்லை. பூனைக்கு மேசையும் மதிலும் இருக்கின்றன. கிளிக்கு ஒரு குச்சி போதும். நாய்கூட இடம் கிடைத்தால் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்ளும். ஆமை மட்டும் அடிவயிற்றோடு, தாடையோடு, நான்கு கால்களின் நகங்களோடு நாள் முழுக்கத் தரையில் கிடக்கிறது. தரை நனைந்தால் அதுவும் நனைகிறது. தரை சுட்டால் அதற்கும் சுடுகிறது. தரை காய்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாக அதுவும் காய்கிறது. அப்படியிருந்தும் ஆமை வாங்கும் வீட்டில் கடைசியாக முடிவாவது தரைதான். விளக்கு வந்துவிடும், தண்ணீர்த் தட்டு வந்துவிடும், ஒளிந்துகொள்ள ஒரு மரப்பெட்டி வந்துவிடும். பிறகுதான் கீழே என்ன போடலாம் என்ற கேள்வி எழும். அதற்கு நாம் சொல்லும் பதிலில் அந்த உயிரின் சிறுநீரகம், நுரையீரல், ஓட்டின் வடிவம், சில சமயம் ஆயுளும் அடங்கியிருக்கிறது.

நான் இருப்பது இங்கிலாந்தின் தென்பகுதியில். இங்கே ஆமை வளர்ப்பது பல தலைமுறைப் பழக்கம். நீண்ட ஆயுள் கொண்ட பிராணி என்பதால் தாத்தா வளர்த்த ஆமை பேரனிடம் வந்து சேர்வது உண்டு. கோடையில் அது தோட்டத்துப் புல்வெளியில் திரியும். குளிர் மாதங்களில் வீட்டுக்குள், நாலு பக்கமும் பலகை அடித்து மேலே திறந்துவிட்ட மரத்தொட்டியில் இருக்கும். அதை ஆமை மேசை என்கிறார்கள். எங்கள் வீட்டுத் தொட்டியில் இருப்பது ஹார்ஸ்ஃபீல்டு ஆமை. மத்திய ஆசியாவின் வறண்ட புல்வெளிகளைச் சேர்ந்த இனம். அதற்கு எந்த மண்ணை இடுவது என்பது முதலில் கடைச் சாமான் பற்றிய யோசனையாகத்தான் தெரிகிறது. கொஞ்சம் உள்ளே போனால், ஓர் அறையை யாருடைய தேவைக்காக ஒழுங்குசெய்கிறோம் என்ற கேள்வியில் வந்து நிற்கிறது.

இந்த நாட்டில் ஆமைக்கும் மண்ணுக்குமான உறவை முதலில் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தவர்களில் ஒருவர் கில்பர்ட் வைட். ஹாம்ப்ஷயரில் செல்போர்ன் கிராமத்துப் பாதிரியார். சசெக்ஸின் ரிங்மர் ஊரில் இருந்த அவருடைய அத்தை, திமொதி என்று பெயரிட்ட ஓர் ஆமையைப் பல ஆண்டுகள் தன் தோட்டத்தில் வைத்திருந்தார். அத்தை இறந்த பின், 1780 மார்ச்சில், குளிர்கால உறக்கத்தில் இருந்த அந்த ஆமையை வைட் மண்ணிலிருந்து தோண்டி எடுத்து, குதிரை வண்டியில் சுமார் 80 மைல் தூரம் செல்போர்னுக்குக் கொண்டுவந்தார். வண்டியின் குலுக்கலில் அதற்கு விழிப்பு வந்துவிட்டது. தோட்டத்தில் இறக்கிவிட்டதும் அங்குமிங்கும் நடந்தது. மாலையில் குளிர் ஏறியதும் இளகிய மண்ணாகப் பார்த்துத் தன்னைப் புதைத்துக்கொண்டது. எண்பது மைல் கடந்து வந்த ஆமை புது ஊரில் முதலில் தேடியது தனக்கு வழிவிடுகிற மண்ணைத்தான். அது எப்படித் தோண்டுகிறது, எந்த மாதம் உள்ளே போகிறது, எப்போது வெளியே வருகிறது என்றெல்லாம் வைட் ஆண்டுதோறும் குறித்துவைத்தார். வைட் 1793இல் இறந்தார். திமொதி அதற்கடுத்த ஆண்டு. அதன் ஓடு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆண்பெயர் சூட்டப்பட்ட அந்த ஆமை பெண் என்று தெரியவந்தது பிறகுதான்.

வைட்டின் திமொதிக்கு ஒரு தோட்டம் இருந்தது. பின்னால் வந்த ஆமைகளுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகான ஆண்டுகளில் மொராக்கோவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் அன்றைய யுகோஸ்லாவியாவிலிருந்தும் லட்சக்கணக்கான ஆமைகள் பிரிட்டனுக்குக் கப்பலேறின. கூடைகளிலும் பெட்டிகளிலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வந்தவை. சந்தைகளிலும் செல்லப்பிராணிக் கடைகளிலும் சில்லறைக் காசுக்கு விற்றன. அட்டைப் பெட்டியில் வைக்கோல், சமையலறை மூலையில் செய்தித்தாள் என்று அவற்றுக்குக் கிடைத்த தரை அவ்வளவுதான். பெரும்பாலானவை முதல் சில குளிர்காலங்களைத் தாண்டவில்லை. 1984இல் ஐரோப்பிய சமூகம் மத்தியதரைக் கடல் பகுதி ஆமைகளின் வணிக இறக்குமதிக்குத் தடை விதித்தது. அதன் பிறகுதான், இருக்கும் ஆமைகளை எப்படி உயிரோடு வைத்திருப்பது, அவற்றின் முட்டைகளை எப்படிப் பொரிக்கவைப்பது என்ற அக்கறை பரவலாக வேரூன்றியது.

அந்த அக்கறையிலும் ஒரு தவறான நம்பிக்கை நீண்ட காலம் கோலோச்சியது: ஆமை வறண்ட நிலத்துப் பிராணி, ஆகவே தரை காய்ந்திருக்க வேண்டும். பாலைவனத்து ஆமை என்றால் வெறும் மணல். புல்வெளி ஆமை என்றால் காய்ந்த சீவல். ஈரம் என்றாலே ஓடு அழுகும், சளி பிடிக்கும் என்று அஞ்சினார்கள். காய்ந்த தொட்டியில் வளர்ந்த குஞ்சுகளின் முதுகில் ஒவ்வொரு சில்லும் சிறு கோபுரமாக எழும்பியது. ஓடு சமமாக வளைந்து எழாமல் மேடும் பள்ளமுமாக இறுகிப்போனது. புரதம் அதிகமான தீனிதான் காரணம் என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தார்கள்.

2003இல் வியன்னாவில் வீஸ்னர், ஈபன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இந்தப் பேச்சைத் திருப்பிப் போட்டது. ஆப்பிரிக்காவின் சகேல் பகுதியைச் சேர்ந்த சல்காட்டா ஆமைக் குஞ்சுகள் 50ஐ, ஐந்து மாதம், வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு புரத அளவிலும் வளர்த்துப் பார்த்தார்கள். ஓட்டின் மேடுகளைத் தீர்மானித்ததில் புரதத்தின் பங்கு சிறிது. காற்றின் ஈரப்பதத்தின் பங்கே பெரிது. காய்ந்த சூழலில் வளர்ந்தவற்றின் மேடுகள் உயர்ந்திருந்தன. ஈரமான சூழலில் வளர்ந்தவற்றின் ஓடு சமமாக இருந்தது. சகாராவின் விளிம்பில் வாழும் ஆமைக்கே ஈரம் வேண்டியிருக்கிறது என்றால், வறண்ட நிலத்து ஆமை வறட்சியில் வாழ்கிறது என்று நாம் எண்ணிக்கொண்டிருந்ததில் எதையோ பார்க்கத் தவறியிருக்கிறோம்.

தவறவிட்டது வளையை. சகேலின் ஆமைகள் மீட்டர் கணக்கில் ஆழமான வளை தோண்டி, வெயில் ஏறியதும் உள்ளே போய்விடுகின்றன. மத்திய ஆசியாவின் ஹார்ஸ்ஃபீல்டு ஆமை வசந்தத்தில் வெளியே வந்து, புல் பசுமையாக இருக்கும் ஏறத்தாழ மூன்று மாதம் மேய்ந்து, இணை சேர்ந்து, முட்டையிட்டு, கோடை முற்றியதும் மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. கோடை உறக்கமும் குளிர்கால உறக்கமுமாக ஆண்டின் பெரும்பகுதி அதற்கு நிலத்தடியில்தான் கழிகிறது. மேலே தரை வெடித்துக் கிடக்கும்போதும், ஓரிரு முழத்துக்குக் கீழே மண்ணில் ஈரம் இருக்கிறது. அங்கே காற்று அசைவதில்லை. ஆமை மூச்சில் விடும் நீராவிகூட வளைக்குள்ளேயே தங்குகிறது. வரைபடத்தில் அந்த இடத்தைப் பாலைவனம் என்று குறிப்பவர்கள் நாம். ஆமை வாழ்வது பாலைக்கு அடியிலுள்ள இன்னொரு நாட்டில்.

அதன் தாங்கும் திறனும் நம்மை ஏமாற்றிவிடுகிறது. 1968 செப்டம்பரில் சோவியத் யூனியன் ஏவிய சோண்ட் 5 விண்கலத்தில் இந்தப் புல்வெளி ஆமைகள் இரண்டு நிலவைச் சுற்றிவிட்டு உயிரோடு திரும்பின. மண்ணும் புல்லும் இல்லாத ஒரு கலத்துக்குள் அவ்வளவு தூரம் போய்வரும் அளவுக்குத் தாங்கும் உயிர். தாங்குகிறது என்பதால் தேவையில்லை என்று ஆகிவிடாது. நீர் போதாத நாய் மூச்சிரைக்கும், நாக்கைத் தொங்கவிடும். நீர் போதாத ஆமை சத்தம் போடாது. சிறுநீர்ப்பையில் சேர்த்துவைத்த நீரை உறிஞ்சி ஓட்டும், யூரிக் அமிலம் கெட்டிப்படும், கல் உருவாகும், சிறுநீரகம் மெல்லப் பழுதாகும். வெளியில் தெரிவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். இப்படிப்பட்ட ஒரு பிராணி முறையிடும் வரை காத்திருக்க முடியாது. அதன் உடம்பைப் படித்து நாமே முன்கூட்டித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கடையில் கிடைப்பவற்றை இந்தக் கண்ணோடு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். செய்தித்தாள் மலிவு, சுருட்டி எறியலாம். அதில் ஆமையின் நகத்துக்குப் பிடிமானம் இல்லை, வழுக்கும் தரையில் வளரும் குஞ்சின் கால்கள் அகலவே விரியப் பழகிவிடும், தோண்டவும் வழியில்லை. பைன், சிடார் மரச்சீவல்கள் மணக்கும். அந்த மணம் ஆவியாகும் எண்ணெய்களால் வருவது. வட அமெரிக்காவின் மேற்குச் செஞ்சிடாரை அறுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கு அதன் தூளால் ஆஸ்துமா வருவது மருத்துவம் அறிந்த உண்மை. ஆலைத் தொழிலாளி மாலையில் வீட்டுக்குப் போய்விடுவார். ஆமையின் மூக்கு இரவும் பகலும் சீவலிலிருந்து ஓரிரு அங்குல உயரத்தில் இருக்கிறது. அதற்கு உதரவிதானத் தசை கிடையாது. சளியை இருமித் தள்ள முடியாது. உள்ளே போனது உள்ளேயே தங்கும். உரம் கலந்த பூச்சட்டி மண்ணில் வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும் பெர்லைட் உருண்டைகளைத் தீனி என்று கொத்தித் தின்னும். அக்ரூட் ஓட்டைப் பொடித்து விற்கும் தூளின் முனைகள் கூர்மையானவை. விழுங்கினால் குடலைக் கிழிக்கும். புல்லை அழுத்திச் செய்த உருண்டைகள் காய்ந்திருக்கும் வரை சரி. ஒரு தட்டுத் தண்ணீர் கொட்டினால் மறுநாளே பூஞ்சை பிடிக்கும்.

மணலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆமை என்றதும் மணல் நினைவுக்கு வருவது இயல்பு. கடற்கரையில் முட்டையிடும் கடலாமையை அறிந்த மனம் அது. ஆனால் நிலத்து ஆமைகள் வாழும் நிலம் பெரும்பாலும் மணலும் களியும் கல்லும் வேரும் கலந்து இறுகியது. வெறும் மணலில் வளை நிற்காது. தோண்டத் தோண்டச் சரியும். விளக்கடியில் காய்ந்த மணலின் தூசி கண்ணிலும் மூக்கிலும் ஏறும். ஈர இலையில் ஒட்டிய மணல் வயிற்றுக்குள் போய்க் குடலில் தங்கி அடைக்கும். உடம்பில் சுண்ணாம்புச் சத்தும் நீரும் போதுமான ஆமை தற்செயலாக விழுங்கும் நாலு மணல்துகளை வெளியேற்றிவிடும். சத்துக் குறைந்த ஆமையோ மண்ணையே தேடித் தின்கிறது. குடலை அசைக்க நீரும் அதனிடம் இருக்காது. இதில் கொடுமை, சுண்ணாம்பு மணல் என்ற பெயரில், தின்றாலும் கரைந்துவிடும் என்ற உறுதிமொழியோடு விற்கும் சரக்கு. சத்துக்கு ஏங்கும் ஆமையைத் தின்னத் தூண்டுவதே அதுதான். ஈரத்தில் கட்டியாக இறுகுவதும் அதுதான். சுண்ணாம்புச் சத்து தீனியில் தூவ வேண்டிய பொருள். தீனியை ஒரு தட்டையான கற்பலகையில் வைத்தால் மணலும் ஒட்டாது, நடந்து நடந்து நகமும் தேயும்.

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. அவை மனிதனுக்கு வசதியானவை: மலிவு, மணம், பார்வைக்குச் சுத்தம், அள்ளி எறிய எளிது. பாதுகாப்பு என்று நாம் சொன்னபோதெல்லாம் நம் அறையின் பாதுகாப்பைத்தான் எண்ணிக்கொண்டிருந்தோம். ஆமைக்குப் பாதுகாப்பான தரை என்பது அது உள்ளே போகக்கூடிய தரை. அவ்வளவுதான் அளவுகோல். உள்ளே போக ஆழம் வேண்டும். போன பின் சரியாமல் நிற்க ஒட்டும் தன்மை வேண்டும். மூச்சுவிட இளக்கம் வேண்டும். உடம்பு காயாமல் இருக்க ஈரம் வேண்டும். தப்பித் தவறித் தின்றாலும் கெடுக்காத பொருளாக இருக்க வேண்டும். இந்த ஐந்தையும் ஒருசேரத் தருவது, உலகத்தில் எல்லா இடத்திலும் கிடைப்பது, சாதாரண மண். உரமும் பூச்சிமருந்தும் படாத மேல்மண்.

ஹார்ஸ்ஃபீல்டு, ஹெர்மன் போன்ற ஆமைகளுக்கு மூன்று பங்கு மண், ஒரு பங்கு சுத்தமான ஆற்று மணல், ஒரு பங்கு தேங்காய் நார்த்தூள் என்ற கலவை ஒத்துவருகிறது. தென்னமெரிக்கக் காடுகளின் செங்கால் ஆமைக்கு மணலைத் தவிர்த்து மரப்பட்டைத் துண்டும் காய்ந்த இலையும் கூட்டலாம். அது ஈரக்காட்டுப் பிராணி. கலவையில் நீர் எவ்வளவு என்பதற்குத் தமிழ்ச் சமையலறையில் பழகிய கைக்கு அளவுகருவி தேவையில்லை. புட்டுக்கு மாவு பிசிறுகிற பதம்: பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், கையில் நீர் சொட்டக் கூடாது. தொட்டியின் மூலைகளில் மெல்ல நீர் ஊற்றினால் அது அடியில் பரவும். அடியடுக்கு ஈரமாகவும் மேலடுக்கு ஓரளவு உலர்ந்தும் இருக்கும். வயிறு படும் மேல்தரை எப்போதும் சொதசொதவென்று இருந்தால் அடியோட்டில் அழுகல் வரும். குளிரும் ஈரமும் ஒன்றாகச் சேர்ந்தால் மூச்சுநோய் வரும். வெதுவெதுப்பான அறையில், கீழே ஈரம், மேலே உலர்வு என்று இருந்தால் இரண்டுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஆழம் குறைந்தது ஓட்டின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு. இன்னும் ஆழமாக இருந்தால் இன்னும் நல்லது.

இப்படி மண் இட்ட தொட்டியில் ஹார்ஸ்ஃபீல்டு ஆமை இறங்குவதை அருகிலிருந்து பார்க்க வேண்டும். முதலில் தாடையைத் தரையில் வைத்து முகர்ந்துகொண்டே மூலை மூலையாக நடக்கிறது. ஓரிடத்தில் நின்று முன்காலால் ஒரு தடவை கீறிப் பார்க்கிறது. மண் வழிவிட்டதும் இடது முன்கால், வலது முன்கால் என்று மாறி மாறி வாருகிறது. ஒவ்வொரு முன்காலிலும் நாலே நகம்; ஆனால் கால் தட்டையாக அகன்று, வாருகாலாகவே அமைந்தது. குவிந்த மண்ணைப் பின்கால்கள் பின்னுக்குத் தள்ளுகின்றன. சற்றுநேரம் அசைவில்லை. பிறகு தோளைச் சாய்த்து, ஓட்டின் முன்விளிம்பையே நெம்புகோலாக்கி உள்ளே நெருக்குகிறது. மேலிருந்து மண் முதுகில் சரிந்து விழுகிறது, அதை உதறுவதில்லை. கடைசியில் பின்னோட்டின் விளிம்பும் வால்நுனியும் மட்டும் வெளியே தெரிய, மூச்சு சீராகிறது. செய்தித்தாள் விரித்த கண்ணாடிப் பெட்டியில் இதே இன ஆமை சுவரைப் பிறாண்டிக்கொண்டே இருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். ஆமைக்கு நம்மைப் பிடித்துவிட்டது, வெளியே வரக் கேட்கிறது என்று சிரித்திருப்பார்கள். அது கேட்டது தரையை.

கலவையில் உள்ள தேங்காய் நார்த்தூள் எனக்கு ஊரிலிருந்து வருகிறது. இந்த நாட்டுக் கடைகளில் செங்கல் வடிவில் அழுத்தி விற்கும் நார்த்தூள் பெரும்பாலும் இலங்கையிலிருந்தோ பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்திலிருந்தோ கப்பலேறி வந்தது. ஐந்து கிலோக் கட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டால் 60, 70 லிட்டர் அளவுக்கு உப்பி வரும். தன் எடையைப் போல் ஏழெட்டு மடங்கு நீரைப் பிடித்துவைக்கும் பொருள் அது. பொள்ளாச்சிப் பக்கம் மட்டை மில் நடத்தும் சித்தப்பாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன்.

"சித்தப்பா, நம்ம ஊர் நார்த்தூள்லதான் இங்க ஆமை வளக்கறோம்."

"அப்படியா கண்ணு? எந்தச் சரக்குன்னு பாத்து வாங்கோணும். ஈ.சி. கம்மியான சரக்கான்னு கேளு. உப்புப் போகக் கழுவாத தூள்ல வெச்சா நாத்தே கருகிப் போகும். வாயில்லா சீவனுக்கு ஆகுமா?"

ஈ.சி. என்று மில்காரர்கள் சொல்வது மின்கடத்து அளவை. தூளில் எவ்வளவு உப்பு தங்கியிருக்கிறது என்பதை அது காட்டும். நாற்றங்காலுக்குப் போகும் நல்ல சரக்கு 0.5க்குக் கீழே இருக்கும். செடிக்கு ஆகாத உப்பு, தரையோடு ஒட்டிக்கிடக்கும் உயிருக்கும் ஆகாது. நார்த்தூளைத் தனியாக நிரப்புவதும் சரியல்ல. காய்ந்தால் புழுதியாகிக் கண்ணில் ஏறும். எடையில்லாததால் வளை நிற்காது. மண்ணோடு சேரும்போதுதான் அதன் குணம் முழுதாகப் பயன்படுகிறது.

நார் எடுத்த பின் மிஞ்சும் இந்தத் தூள் ஒரு காலத்தில் பொள்ளாச்சிச் சாலையோரங்களில் மலைமலையாகக் குவிந்து கிடந்த கழிவு. லிக்னின் மிகுந்ததால் எளிதில் மக்காது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் சிப்பிக்காளான் பூஞ்சையைக் கொண்டு அதை மக்கவைக்கும் வழியைக் கண்டது. பின்னர் உலகம் முழுவதும் தோட்டக்காரர்கள் கரி நிலங்களைத் தோண்டி எடுக்கும் பீட்டுக்கு மாற்றாக இதைத் தேடத் தொடங்கினார்கள். ஆனால் உப்புப் போகக் கழுவ நன்னீர் வேண்டும். கழுவிய பழுப்பு நீர் நிலத்தடி நீரைக் கெடுக்கிறது என்ற முறையீடு அந்தப் பக்கத்து ஊர்களில் இருக்கிறது. இங்கே ஓர் ஆமை ஈரமாக உறங்குவதற்கு அங்கே ஒரு கிணறு நிறம் மாறக் கூடாது. ஆகவே நார்த்தூளைக் குறைவாகவும் நெடுநாளும் பயன்படுத்துவது, பெரும்பங்குக்கு உள்ளூர் மண்ணையே நாடுவது, தொட்டியிலிருந்து அள்ளியதைக் குப்பையில் கொட்டாமல் செடிக்கு இடுவது என்பதை நான் ஒரு கடமையாகவே கருதுகிறேன்.

மண்ணின் இன்னொரு வேலையையும் மறந்துவிடுகிறோம். அது வெப்பத்தைத் தரம் பிரிக்கிறது. இயற்கையில் வெயில் மேலிருந்து வருகிறது. கீழே போகப் போகக் குளிர்ச்சி. சூடு தாங்காத ஆமை கீழே இறங்கும். இந்த அறிவு அதன் உடம்பிலேயே எழுதப்பட்டது. தொட்டிக்கு அடியில் சூடேற்றும் மின்பாய் விரித்தால் அந்த உலகம் தலைகீழாகிறது. சூட்டிலிருந்து தப்பக் கீழே தோண்டும் ஆமை இன்னும் அதிகச் சூட்டை நோக்கிப் போய் அடியோட்டைச் சுட்டுக்கொள்ளும். வெப்பம் மேலிருந்து, விளக்கிலிருந்து வரட்டும். ஒரு மூலையில் 32 முதல் 35 டிகிரி வரை, எதிர்மூலை குளிர்ந்து இருக்கட்டும். விளக்கடி மண் சீக்கிரம் காயும் என்பதால் அந்தப் பக்கம் ஈரத்தை அடிக்கடி பார்க்க வேண்டும்.

பெண் ஆமை என்றால் ஆழத்துக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. ஆண் துணை இல்லாவிட்டாலும் அது கருவுறாத முட்டைகளைச் சுமக்கலாம். முட்டையிட அது மண்ணைத் தோண்டிப் பார்க்கும்; இளகலும் ஆழமும் கிடைக்காவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கி வைத்துக்கொள்ளும். நாள்பட அது உயிரைப் பறிக்கும். அகநானூற்றின் 160ஆம் பாட்டில், கழிக்கரையில் அடும்பங்கொடி சிதைய வெண்மணலில் முட்டையைப் புதைக்கும் ஆமையைப் புலவர் நப்பசலையார் கண்டு வைத்திருக்கிறார். புதைக்க இடமிருந்தால்தான் ஈன முடியும் என்பது கரையில் வாழ்ந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு அங்குலம் மண் பரப்பிய தொட்டியில் ஒரு பெண் ஆமையை வைப்பவர் இதை அறிந்துகொள்ளாமல் இருக்கலாகாது.

மண் என்றதும் வீட்டில் எழும் மறுப்பு, அழுக்கு. அது நியாயமான கவலைதான். ஆமைகளின் குடலில் சால்மொனெல்லா கிருமி இயல்பாகவே இருக்கிறது. சிறு ஆமைகளால் குழந்தைகளுக்கு இந்நோய் பரவியதால்தான் அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்கும் குறைந்த ஓடு கொண்ட ஆமைகளை விற்பதற்கு 1975இல் தடை வந்தது. ஆமையைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், தொட்டியின் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாமல் இருப்பதும் கட்டாயம். ஆனால் கிருமி செய்தித்தாள் விரித்த பெட்டியிலும் இதே அளவு இருக்கிறது. அங்கே எச்சத்தின் மேலேயே ஆமை நடக்கிறது. ஆழமான மண்ணில் எச்சத்தை அன்றன்றே அள்ளிவிட்டு, கழிவைத் தின்னும் சிறு மண்ணுயிர்களையும் வால்துள்ளிகளையும் விட்டுவைத்தால், மிச்சத்தை அவை தின்று மண்ணாக்கும். அந்த மண்ணுக்கு நாற்றம் வருவதில்லை. மழைக்குப் பிந்திய தோட்டத்தின் மணம்தான் இருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. தொட்டி நிலமாகாது. ஓரடி ஆழ மண்ணால் கஜகஸ்தானின் புல்வெளியை அறைக்குள் கொண்டுவர முடியாது. அதன் ஒரே ஒரு குணத்தை, உள்ளே போகலாம் என்ற வாய்ப்பை மட்டும்தான் நம்மால் திருப்பிக் கொடுக்க முடிகிறது. அந்த ஒன்றைக் கொடுப்பதற்கே எவ்வளவு அறிய வேண்டியிருக்கிறது என்று பார்த்தபின், ஏற்கெனவே தன் மண்ணில் இருக்கும் ஓர் ஆமையை அங்கிருந்து எடுப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

இதைத் தமிழில் எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் ஊர்ப் புதர்க்காடுகளில் வாழும் நட்சத்திர ஆமை உலகச் செல்லப்பிராணிச் சந்தையில் மிக அதிகமாகக் கடத்தப்படும் ஆமைகளில் ஒன்று. சென்னை விமான நிலையத்தில் பெட்டிகளுக்குள் அடைத்துக் கடத்த முயன்ற நட்சத்திர ஆமைகளைச் சுங்கத் துறையினர் பலமுறை பிடித்திருக்கிறார்கள். 2019இல் அது பன்னாட்டு வணிகத்தை முற்றாகத் தடுக்கும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பின்னிணைப்புக்கு மாற்றப்பட்டது. இந்தியாவின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். வாசலில் வைத்தால் அதிர்ஷ்டம், குழந்தைக்கு விளையாட்டு என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். நீங்களாக ஏதோ ஒரு காட்டில் கொண்டுபோய் விடாதீர்கள், நோயும் கலப்பும் அங்கிருக்கும் கூட்டத்தை அழிக்கக்கூடும். சட்டம் அனுமதிக்கும் நாட்டில், சட்டப்படி தொட்டியில் பிறந்து வளர்ந்த ஓர் ஆமைக்கு நீங்கள் பொறுப்பாக இருந்தால், விளக்குக்கும் தீனிக்கும் முன்பாக அதற்கு நல்ல மண் இடுங்கள், ஆழமாக இடுங்கள், ஈரமாக வைத்திருங்கள்.